வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு திருச்சிக் குரல்

1

ஐந்தாவது செட். பதினான்குக்குப் பதின்மூன்று. அவர்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து வலைக்கு நேர் மேலே, இன்னும் எந்தப் பக்கமும் சாயாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் முன்வரிசையில் நின்றிருந்தேன். எகிறியாகிவிட்டது, கையும் உயர்ந்துவிட்டது. ஒரு தட்டுத் தட்டினால் சமநிலை.

“விடு!”

நான் கையை எடுத்துவிட்டேன்.

குரல் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. குரலுக்குச் சொந்தக்காரன் ஜெயசீலன். அவன் இலங்கை அணி, நான் இந்திய அணி. அவன் கத்தியது என்னைப் பார்த்து அல்ல. தன் பக்கத்தில் கூடவே எகிறிய ஒருவனை விலகச் சொன்னான். அந்த ஆள் சிங்களவன், அவனுக்குச் சொல் புரியவில்லை, அவன் விலகவும் இல்லை. அந்தத் திடலில் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஒரே ஆள் நான்தான். சீலன் ஒற்றைக் கையால் பந்தை என் தோளுக்குப் பின்னால் தள்ளினான். விசில் ஊதினார்கள். இந்தியா தோற்றது.

தரையில் இறங்கிய அந்த நொடியில்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. நாட்டுப்பற்று, ரத்தம், மண் என்று மேடையில் சொல்கிறார்களே, அதெல்லாம் என் மூளையில் எங்கோ இருக்கலாம். என் கையில் இல்லை. என் கையில் இருந்தது பதினொன்றாம் வகுப்பில் காவிரி மணலில் கட்டிய ஒரு வலை.

2

இது ஒரு வளைகுடா நாடு. பெயர் வேண்டாம், என் விசா இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஒரு கட்டுமான நிறுவனத்தில் டாக்குமென்ட் கன்ட்ரோலராக இருக்கிறேன். வரைபடம், கடிதம், ஒப்புதல் என்று எந்தக் காகிதம் வந்தாலும் அதற்கு எண் கொடுத்து, எது பழையது எது புதியது என்று பிரித்து வைக்கும் வேலை. சொந்த ஊர் ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கம் என்றதும் இங்கே எல்லாரும் பெருமாளைக் கேட்பார்கள். என் அப்பா ராஜகோபுரத்துக்கு வெளியே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பெருமாளுக்கு சைக்கிள் தேவைப்பட்டதில்லை.

ஆறு நாளும் எங்கள் கேம்ப்பிலிருந்து சைட்டுக்கு ஒரே பஸ். இந்தியன், இலங்கைக்காரன், நேபாளி, வங்காளி, பாகிஸ்தானி எல்லாரும் ஒருவன் தோளில் ஒருவன் தூங்கிக்கொண்டு போகிறோம். ஏழாவது நாள், வெள்ளிக்கிழமை, கம்பெனி ஒரு போட்டி வைக்கிறது. ஊழியர் ஒற்றுமைக்காகவாம். ஒற்றுமைக்கு முதல் வேலையாக எல்லாரையும் நாடு வாரியாகப் பிரிக்கிறார்கள். ஆறு நாள் என் தோளில் எச்சில் வழியத் தூங்கியவன் அன்று கன்னத்தில் கொடி வரைந்துகொண்டு என் அம்மாவைத் திட்டுகிறான். நானும் திட்டுகிறேன். சும்மா சொல்லக்கூடாது, உற்சாகமாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

இந்திய வாலிபால் அணிக்கு கேப்டன் பாஸ்கரன் அண்ணன். சைட் இன்ஜினியர். திருச்சி கைலாசபுரத்துக்காரர். அப்பா அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீரர் பட்டியல் தயாரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். பட்டியல் என்றால் நான்தானே. பன்னிரண்டு பேர் வேண்டும். யோசிக்கவே இல்லை, முதல் பெயராக ஜெயசீலன் என்று அடித்து எச்.ஆருக்கு அனுப்பிவிட்டேன்.

சத்தியமாக யோசிக்கவில்லை. சீலன் என்றால் எனக்குத் திருச்சி. விமான நிலையத்துக்குப் பக்கத்து அகதி முகாமில் பிறந்தவன், பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னோடு நின்று ஒரே தட்டில் புரோட்டா தின்றவன். திருச்சி என்றால் இந்தியா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பட்டியல் மறுநாளே திரும்பி வந்தது. முதல் பெயர் மேல் சிவப்புக் கோடு. எச்.ஆர். மேடத்திடம் போய் நின்றேன்.

“இவர் பாஸ்போர்ட் இலங்கை” என்றார்.

“பிறந்த ஊர் என்று என்ன போட்டிருக்கிறது, பாருங்கள் மேடம்.”

பார்த்தார். திருச்சிராப்பள்ளி. ஒரு நொடி அவருக்கே குழப்பம். பிறகு தோளைக் குலுக்கினார். “பிறந்த ஊருக்கு எங்கள் கம்ப்யூட்டரில் கட்டம் இல்லை.”

பாஸ்கரன் அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. “ரூல்ஸ்னா ரூல்ஸ்தானேப்பா. அவனுக்கென்ன, அந்தப் பக்கம் ஆடட்டும். சிலோன்ல வாலிபால்தான் தேசிய விளையாட்டாம், தெரியுமா? அவங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்கும்.”

“அண்ணே, அவன் வாலிபால் கத்துக்கிட்டதே ஸ்ரீரங்கத்து ஆத்து மணல்ல.”

“முகாம் பசங்கதானே? எங்க காலனி டோர்னமென்ட்டுக்கு வருவானுங்க. செருப்புக்கூட இல்லாம ஆடுவானுங்கப்பா. எங்களையே வெளுத்துட்டுப் போயிருக்கானுங்க.” பெருமையாகச் சொல்கிறாரா, குறையாகச் சொல்கிறாரா, புரியவில்லை. “சரி விடு. அவன் எடத்துல யாரைப் போடலாம்னு பாரு.”

3

சீலன் எங்கிருந்து வந்தான் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகச் சொன்னால்தான் இதிலுள்ள கேவலம் தெரியும்.

அவன் கொள்ளுத்தாத்தா முசிறிக்காரர். வெள்ளைக்காரன் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த காலத்தில் இலங்கை போனவர். தாத்தா அங்கே மலையில் பிறந்தார். அந்த நாடு அவரை இந்தியன் என்றது. கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு இறங்கினார்கள். சண்டை வந்தது, அப்பாவும் அம்மாவும் படகேறினார்கள், திருச்சி முகாமில் சேர்த்தார்கள். முசிறிக்கும் அந்த முகாமுக்கும் இடையே ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குச் சற்று அதிகம். அங்கே சீலன் பிறந்தான். இந்த நாடு அவனை இலங்கையன் என்றது. சண்டை முடிந்ததும் குடும்பம் திரும்பிப் போனது. அவன் அப்போதுதான் முதல்முறையாகத் தன் “சொந்த நாட்டை”ப் பார்த்தான். வயது பதினெட்டு.

பள்ளியில் எங்களுக்கு வரலாறு எடுத்தவர், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக்காக அடித்துக்கொண்டதை ரசித்து ரசித்துச் சொல்வார். ஒருவன் மலைக்கோட்டைப் பக்கம், இன்னொருவன் ஸ்ரீரங்கம் தீவில் கூடாரம். இரண்டு பேர் ஆளுக்கொரு நவாபைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்தான் உண்மையான நவாப், அவர்தான் உண்மையான நவாப் என்று பீரங்கி வெடித்தார்கள். பரீட்சைக்கு யார் ஜெயித்தார்கள் என்று எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தவனிடம் யாராவது, உனக்கு யாருப்பா வேணும் என்று கேட்டார்களா என்ற கேள்வி பாடத்தில் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

சீலனுக்கு இப்போது வவுனியாவில் மனைவி, ஏழு வயதில் ஒரு மகன். போன மாதம் அவன் வீடியோவில் பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன். பையன் இலங்கை கிரிக்கெட் சட்டையில் துள்ளிக்கொண்டிருந்தான்.

“சாப்ட்டியாடா? ஸ்கூல் போனியா?” என்றான் சீலன்.

“அப்பா, நீங்க ஏன் இந்தியாக்காரர் மாதிரிக் கதைக்கிறீங்க? வடிவாக் கதைங்கோ” என்று, ஒழுங்காகப் பேசச் சொல்லிப் பையன் சிரித்தான்.

சீலனும் சிரித்தான். போனை வைத்த பிறகு சார்ஜர் வயரைச் சுற்றிச் சுற்றி மடித்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “விடு மாப்ள, ஒரு தடவை திருச்சிக்கு வந்துட்டுப் போ. ஆன்லைன்லயே விசா போடலாம்” என்று அவன் கேட்காமலே லேப்டாப்பைத் திறந்தேன்.

இதற்கு முன் இந்தியாவுக்குச் சென்றதுண்டா என்றது படிவம். உண்டு என்று தட்டினேன்.

அடுத்து, தங்கியிருந்த முகவரி.

“என்னடா போடலாம்?”

“முகாம், நாலாவது வரிசை. கதவு நம்பர் உண்டு. கதவுதான் இல்ல, சாக்கு” என்றான்.

“எத்தனை நாள் இருந்தேன்னு கேட்டா?”

“பதினெட்டு வருஷம். டூரிஸ்ட்டா.” லேப்டாப்பை அவனே மூடினான். “இனிமே என் பேர்ல எந்த ஃபார்மும் வேணாம் மாப்ள. சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டான். நான் கேட்டுக்கொண்டேன். மூன்று வாரத்தில் அவன் பெயரை வாலிபால் பட்டியலில் போட்டேன்.

4

இதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் பள்ளி அணியின் செட்டர் சீலன். அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் இடம் அது. இரண்டாவது தொடுதல் அவனுடையது. நான் அப்போதே அவசரக்குடுக்கை, எல்லாப் பந்துக்கும் ஓடுவேன். அவன் பந்துக்கும் போய் முட்டுவேன். “விடு!” என்று கத்துவான். விடாவிட்டால் ஆட்டம் முடிந்ததும் முதுகில் ஒன்று விழும். இரண்டு வருஷத்தில் அந்தச் சொல் என் காதுக்குப் போகாமல் நேராகக் கைக்குப் போகப் பழகிக்கொண்டது. அவனுக்கு மாலையில் முகாமில் ஆள் கணக்கெடுப்பு. பல நாள் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவான். அவன் போனதும் நாங்கள் தோற்போம்.

மாவட்ட அணிக்கான தேர்வு நடந்தது. பட்டியலில் பன்னிரண்டு பேர், சீலன் மூன்றாவது. நான் பதின்மூன்றாவது, அதாவது இல்லை. சான்றிதழ் சரிபார்க்க வந்தவர் அவன் கொடுத்த முகாம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, குடியுரிமை இருக்கணும்ப்பா” என்று சொல்லிவிட்டுப் பேனாவால் ஒரு கோடு போட்டார். “அடுத்த பையன் யாரு?”

“நான்தான் சார்” என்றேன்.

சட்டென்று சொன்னேன். பந்துக்கு ஓடுகிற மாதிரி.

அந்த மாவட்டச் சான்றிதழ்தான் எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் வாங்கிக் கொடுத்தது. மாவட்ட அணிக்காக நான் ஆடியது மொத்தம் ஒரு செட், அதுவும் தோற்றோம். அன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சீலன், “நல்லா ஆடுடா” என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸில் ஏறிக்கொண்டான். நான் ஒன்றாம் நம்பரில் ஏறிப் பாலத்தைத் தாண்டும்வரை ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். அப்படித்தான் ஞாபகம். வருத்தப்பட்டதாக எழுதினால் பொய்.

5

மேட்சுக்குப் பிறகு நடந்ததற்கு வருகிறேன்.

பாஸ்கரன் அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் தரையில் அடித்தார். “ஏன்டா கையை எடுத்தே?”

“அவன் விடுன்னான்ணே.”

“எவன்?”

“சீலன்.”

“எதிர் டீம்காரன் விடுன்னா விட்ருவியா? நாளைக்கு காஷ்மீரை விடுன்னுவான், விட்ருவியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அப்புறம் பார்த்தால் அது சிரிப்பாக இல்லை. அன்று மாலைக்குள் வாட்ஸப் குழுவில், ‘துரோகி’ என்று எழுதி என் படத்துக்கு இலங்கைக் கொடி ஒட்டியிருந்தான் ஒருவன். “பழைய ஃபிரெண்டுக்காக மேட்சை வித்துட்டான்” என்றான் இன்னொருவன். பாஸ்கரன் அண்ணன் எதுவும் எழுதவில்லை. கட்டைவிரல் மட்டும் காட்டியிருந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவர்களில் பாதிப் பேர் கிடைத்தால் நாளைக்கே கனடா பாஸ்போர்ட் வாங்கத் துடிக்கிறவர்கள். பாஸ்கரன் அண்ணன் பெண்ணுக்குத் தமிழ் எழுத வராது, இந்தி பேச வராது. விடுமுறையில் கைலாசபுரத்துக்குப் போனால் கொசு என்று அழுகிறாளாம், அவரே சொன்னார். சீலன் அந்த முகாமில் பதினெட்டு வருஷம் அதே கொசுக்கடியில் படுத்துக் கிடந்தவன். தேசம் என்பது யாருக்குக் கொசு கடித்தது என்ற கணக்கில் இல்லை போலிருக்கிறது. யாரிடம் எந்த நிறத்தில் சின்னப் புத்தகம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதை இரண்டு தலைநகரங்களில் உட்கார்ந்து முடிவு பண்ணுகிறார்கள். அதற்குக் கைதட்டுகிற வேலையைத்தான் விளையாட்டு என்ற பெயரில் நாம் வெள்ளிக்கிழமை வெயிலில் நின்று செய்கிறோம்.

கோபம் இருக்கும்போதே உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் அடித்தேன். அடுத்த போட்டியில் நாடு வாரியாக இல்லாமல் அணிகளே தங்கள் பெயரை வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். அணியின் பெயர்: திருச்சிராப்பள்ளி. வீரர்கள்: ஒன்று, ஜெயசீலன். இரண்டு, முரளி, அது நான். பிரமாதம் என்று எனக்கே தோன்றியது. பிரின்ட் எடுத்துக்கொண்டு அவன் அறைக்கு ஓடினேன்.

சீலன் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். காகிதத்தை வாங்கினான். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டான்.

“மறுபடி லிஸ்ட்டா?”

“மாப்ள, முழுசாப் படி. இதுல எந்த நாடும் இல்ல. நம்ம ஊரு.”

“எவன் ஊரு?”

“நம்ம ஊருடா. திருச்சி.”

“நீ என்னைக் கேட்டியா?”

“இதுல கேக்க என்ன இருக்கு?”

காகிதத்தை மடித்தான். கோபமாக மடிக்கவில்லை, ஓரம் பார்த்து மடித்தான். “வெள்ளைக்காரன் என் பாட்டன் முப்பாட்டனைக் கேக்கல. ரெண்டு கவர்மென்ட்டும் கேக்கல. அன்னிக்கு அந்த ஆள் பேனால கோடு போட்டப்ப கேக்கல. பக்கத்துல நின்ன நீயும் கேக்கல. ‘நான்தான் சார்’னே. ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. கம்பெனி லிஸ்ட்ல போட்டே, அப்பவும் கேக்கல. அந்தச் சிவப்புக் கோட்டோட காப்பி எனக்கும் வந்துச்சு, தெரியுமா உனக்கு? ரெண்டாவது தடவை என் பேரை அடிச்சதை நானே பாத்தேன். ரெண்டு தடவையும் லிஸ்ட்ல நீ இருக்கே.”

என் வாயில் தப்பானதுதான் வந்தது. “அப்ப அந்த ‘விடு’... வேணும்னுதான் கத்துனியா?”

என்னை நிமிர்ந்து பார்த்தான். “வாய் தானாக் கத்துச்சு. கையை எடுத்தது நீ. அதை என்கிட்ட ஏன் கேக்குற?”

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். முழங்கால் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

6

அடுத்த வெள்ளி இறுதிப்போட்டி. இலங்கைக்கும் பிலிப்பைன்ஸுக்கும். போகக் கூடாது என்று நினைத்து, போனேன். கொடி பிடித்த கூட்டத்தில் நிற்காமல் தண்ணீர் டேங்க் பக்கம் நின்றேன்.

சீலன் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடினான். முதல் செட்டின் நடுவில் பந்து வலைக்குப் பக்கத்தில் உயர்ந்தது. போன வாரம் அவனோடு முட்டிக்கொண்ட அதே சிங்களவன் ஓடி வந்தான். “விடு!” என்றான் சீலன். அந்த ஆள் அப்படியே நின்றுவிட்டான். சீலன் தூக்கிக் கொடுத்தான், மூன்றாவது ஆள் அடித்தான், புள்ளி.

ஒரு வாரம்தான். ஒரு வாரத்தில் பழக்கிவிட்டான்.

மூன்றாவது செட்டில் அந்தச் சிங்களவனே இன்னொருத்தனைப் பார்த்து, “விடு! விடு!” என்று கத்தினான். உச்சரிப்பு கொஞ்சம் கொச்சை. ஆனால் இடம் சரி, நேரம் சரி. மற்றவன் விலகினான்.

எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறு எரிந்தது. எங்கள் மணலில் பிறந்த சொல் அது, என் முதுகில் அடி வாங்கி நான் கற்றுக்கொண்டது, அதை எவனோ ஒருவன் ஏழு நாளில் எடுத்துக்கொண்டான் என்று எரிந்தது. எங்கள், என், எவனோ. பாஸ்கரன் அண்ணன் கன்னத்தில் வரைந்துகொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் கொடி கொஞ்சம் பெரியது. என் கொடி ஒரு வாலிபால் மைதானம் அளவு. அவ்வளவுதான்.

இலங்கை ஜெயித்தது. அவனைத் தூக்கினார்கள். கீழே இறக்கியதும் ஒருவன் தோளில் கொடியைப் போர்த்தினான். சீலன் அதைக் கீழே போடவும் இல்லை, உயர்த்திக் காட்டவும் இல்லை. முழங்காலுக்குக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கொடி அவனுக்குக் கனத்ததா இல்லையா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுத எனக்கு உரிமையும் இல்லை.

அந்தத் திருச்சிராப்பள்ளி விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். எச்.ஆரிடமிருந்து அடுத்த போட்டிக்கான வெறும் படிவம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பெயர் இல்லை, அணி இல்லை, ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை. வருகிற வெள்ளி போட்டி எதுவும் இல்லை. படிவத்தையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போகப் போகிறேன். முதலில் அந்த மாவட்டச் சான்றிதழைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு என்ன வார்த்தை என்று இன்னும் தெரியவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: ஆடுறியாடா, எந்தப் பேர்ல?

வெளியே போ என்றால் போய்விடுவேன். திருச்சி என்றால் திருச்சி. இலங்கை என்று எழுதச் சொன்னால் அதை அவன் கண் முன்னால் நானே எழுத வேண்டும். எழுதும்போது என் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.